குழாயிலிருந்து மூன்றாவது கூடாரம்

ரெம்கோவுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் பிரான்ஸில் ஆர்தெஷ் ஆற்றோரமாக இருக்கும் ஒரு காய்ந்த புல்தரை. மர நிழலில் வரிசையாகக் கூடாரங்களை, அவற்றை வாடகைக்கு விடும் கம்பெனிக்காரர்களே அடித்து வைத்திருப்பார்கள். உள்ளே கேஸ் அடுப்பு, சட்டி பானை, மடக்கு நாற்காலி, படுக்க ஜிப் வைத்த ஒரு துணி அறை. நெதர்லாந்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போய் இறங்கவேண்டியது, தானே சமைத்துத் தின்னவேண்டியது, பிள்ளைகளைத் தண்ணீரில் போட்டு எடுக்கவேண்டியது. இதைவிடச் சுகம் வேறெதிலும் இல்லை என்பது அவன் கட்சி.

அவன் மனைவி மார்லூஸ் எதிர்க்கட்சி. வீட்டில் சமைத்துக் கழுவிய அதே பாத்திர வேலையை, வெந்நீர்கூட ஒழுங்காக வராத ஊரில், பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பொதுக் குழாயடிக்குப் போய்ச் செய்வதற்குப் பெயர் விடுமுறை இல்லை என்பாள். துருக்கிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலை அவள் பார்த்து வைத்திருந்தாள். அங்கே தட்டு தானாக வருமாம், தானாகப் போகுமாம்.

ரெம்கோ சோம்பேறி இல்லை. சமைப்பான், கழுவுவான், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவான். ஆனால் அவனுக்குக் கண் இருந்தும் எதுவும் தென்படாது. மார்லூஸ், கரண்டி எங்க. மார்லூஸ், தீப்பெட்டி எங்க. மார்லூஸ், சின்னவனோட இன்னொரு செருப்பு எங்க. அவள் புத்தகத்தைப் பிரித்தால் முதல் பக்கம் முடிவதற்குள் ஊரில் உள்ள எல்லாச் சாமானும் காணாமல் போயிருக்கும். கேட்டதும் அவள் எழுந்து வந்து, அவன் மூக்குக்கு நேராக இருப்பதை எடுத்துக் கொடுப்பாள். இப்படியே ஒரு வாரம் போனது. ஒரு காலையில், காபி வடிகட்டி எங்கே என்று அவன் கேட்டபோது, வடிகட்டி அவன் கையிலேயே இருந்தது.

மார்லூஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. சாவதானமாகக் காபியைக் குடித்து முடித்துவிட்டுப் பேசினாள்.

"இன்னிக்கு மத்தியானம் நான் படுக்கப் போறேன். பிள்ளைங்க, சமையல், பாத்திரம் எல்லாம் உன் பொறுப்பு. 'எங்க'ன்னு ஒரே ஒரு தடவை என்கிட்ட கேட்டே, அடுத்த வருஷம் துருக்கி. கேக்காம சமாளிச்சிட்டா, இங்கயே வந்து தொலையலாம்."

"இவ்வளவுதானா" என்றான் ரெம்கோ. வாய்க்கொழுப்பு.

அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, துணி அறைக்குள் போய் ஜிப்பை இழுத்துச் சாத்தினாள். ரெம்கோ பிள்ளைகளோடு நீச்சல் குளத்துக்குக் கிளம்பினான். மூத்தவள் ஃபென்னாவுக்கு ஐந்து வயது, வாய் பத்து வயது. சின்னவன் ஸ்டெய்னுக்கு மூன்று. துண்டு எங்கே என்று நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, ரெம்கோ துண்டில்லாமலே போனான். மூன்று பேரும் வெயிலில் காய்ந்தே உலர்ந்தார்கள். முதல் சோதனையில் தேறியாயிற்று என்று அவனுக்கு ஒரே பெருமை.

திரும்பி வரும்போதுதான் கோளாறு. கூடாரங்கள் எல்லாம் ஒரே அச்சு. அதே பழுப்புத் துணி, அதே பச்சைக் கூரை, வாசலில் அதே மேசை. ஆகவே ரெம்கோ ஒரு கணக்கு வைத்திருந்தான்: தண்ணீர்க் குழாயிலிருந்து மூன்றாவது. வரிசையின் மறு கோடியிலும் ஒரு குழாய் உண்டு என்பதும், குளத்திலிருந்து வரும் பாதை அந்தக் கோடியில்தான் வந்து சேரும் என்பதும் அவன் கணக்கில் இல்லை.

மூன்றாவது கூடாரத்துக்குள் நுழைந்தான். துணி அறையின் ஜிப் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஆழ்ந்த தூக்கத்தின் மூச்சு கேட்டது. பாவம், நன்றாகக் களைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, சத்தம் போடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சைகை காட்டினான்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் இந்த இடத்தில் தப்பித்திருப்பான். சாமான்களைப் பார்த்ததும் இது நம் வீடு இல்லை என்று தெரிந்திருக்கும். ஆனால் நெதர்லாந்துக்காரர்கள் விடுமுறைக்குக் கிளம்பும்போது நாட்டையே காரில் ஏற்றுகிறவர்கள். பிரான்ஸில் உருளைக்கிழங்கு விளையாது என்று அவர்கள் யாரும் நினைப்பதில்லை. இருந்தாலும் மூட்டையாகக் கொண்டுபோவார்கள். அந்தக் கூடாரத்தின் அலமாரியில் அதே உருளைக்கிழங்கு மூட்டை இருந்தது. அதே பாட்டில் பீன்ஸ், அதே ஆப்பிள் மசியல், அதே வேர்க்கடலை வெண்ணெய், ரொட்டியில் தூவும் அதே சாக்லேட் துணுக்கு, புகை போட்ட அதே தொத்திறைச்சி. எல்லாமே ஊரில் ஒரே கடைச் சாமான்கள். ரெம்கோவுக்கு ஒரு துளியும் சந்தேகம் வரவில்லை. மாறாக, எல்லாம் கண்ணுக்கு நேராக அடுக்கியிருப்பதைப் பார்த்து உருகிப்போனான். எனக்காகவே எடுத்து வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாளே என்று.

ஃபென்னாவுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் வாசலில் ஆளுயரத்துக்குக் காற்றடைத்த ஒரு முதலையும் கிடந்தது. அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் முதலை போய்விடும். "இதை வெச்சு விளையாடலாமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா வாங்கியிருப்பாள், விளையாடு என்றான் அப்பா. ஸ்டெய்னைப் பொறுத்தவரை, சோறு கிடைக்கிற இடமெல்லாம் வீடுதான்.

ரெம்கோ உருளைக்கிழங்கைத் தோல் சீவி வேகவைத்தான். பீன்ஸைச் சூடாக்கினான், தொத்திறைச்சியை வெந்நீரில் போட்டான். மசிக்கிற கட்டையைக் காணவில்லை. தொண்டைவரை வந்த 'எங்க'வை மென்று விழுங்கினான். ஒரு பீர் பாட்டிலின் அடிப்பாகத்தைக் கழுவி, அதனால் இடித்து மசித்தான். பாதி மசிந்தது, பாதி மேலே தெறித்தது. உப்பையும் காணவில்லை. உப்பில்லாமல் சாப்பிட்டு யாரும் செத்ததில்லை என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான்.

மேசையில் தட்டுகளை வைத்ததும் அவனுக்கு ஏதோ ஒரு நெகிழ்ச்சி வந்தது. வெற்றி பெற்றவனுக்கு வரும் தாராளம். அவனுடைய ஊரான க்ரோனிங்கன் பக்கத்து ஆட்கள் மனசில் இருப்பதை லேசில் வெளியே விடமாட்டார்கள். கல்யாணத்தன்றே ரெம்கோ பெண்ணின் கையைப் பிடித்து, சாப்பாடு நன்றாக இருந்தது என்றுதான் சொன்னான். ஆனால் முகம் தெரியாமல் நடுவில் ஒரு துணி இருந்தால் அது வேறு விஷயம். அவன் ஜிப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு மெதுவாகப் பேசினான்.

"மார்லூஸ், முழிச்சிருக்கியா?"

"ம்" என்று கனத்த குரலில் பதில் வந்தது. தூக்கக் கலக்கம், தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தான்.

"நான் ஏன் இங்கயே வரணும்னு அடம் பிடிக்கிறேன் தெரியுமா? காசு கம்மிங்கறதுக்காக இல்ல. ஊர்ல நீ மாடியில இருப்ப, நான் கீழ இருப்பேன், பிள்ளைங்க வேற எங்கயோ இருக்கும். இங்க நீ திரும்பிப் படுத்தாக்கூட எனக்குக் கேக்குது. வருஷத்துல ரெண்டு வாரம்தான் நீ என் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு."

உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ரெம்கோ, யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க?"

குரல் பின்னாலிருந்து வந்தது. ரெம்கோ திரும்பிப் பார்த்தான். வாசலில் மார்லூஸ் நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்து, காலில் ஒற்றைச் செருப்போடு, ஓடி வந்த மூச்சு வாங்க. அவன் அவளைப் பார்த்தான், பிறகு ஜிப்பைப் பார்த்தான். ஜிப் உள்ளிருந்து சரசரவென்று திறந்தது. அரைக்கால் சட்டையும் பெரிய மீசையுமாக ஒரு மனிதர் தவழ்ந்து வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

அவர் பெயர் ஹார்மன். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சைக்கிளில் சந்தைக்குப் போயிருந்தாள். இரவுச் சமையல் அவர் பொறுப்பு. கொஞ்சம் படுத்து எழுந்து செய்யலாம் என்று படுத்தவர், சட்டி உருளும் சத்தத்தில்தான் விழித்திருக்கிறார். மச்சான் எவனாவது வந்திருப்பான் என்று முதலில் நினைத்தாராம். அப்புறம் தொத்திறைச்சி வாசனை வந்தது. வேலையை வேறொருவன் செய்யும்போது குறுக்கே போவானேன் என்று வாயை மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

மார்லூஸுக்கு இதில் எதுவும் காதில் ஏறவில்லை. விழித்துப் பார்த்தபோது கூடாரத்தில் ஒருவரும் இல்லை. குளத்துக்கு ஓடினாள், அங்கும் இல்லை. ஆற்றங்கரைக்கு ஓடினாள். ஆற்றைப் பார்த்ததும் அவளுக்கு வந்த பயத்தை ஆற்றோரம் பிள்ளையைத் தேடியவர்கள்தான் அறிவார்கள். பிறகு கூடாரம் கூடாரமாகத் தலையை நீட்டி, என் பிள்ளைங்களைப் பார்த்தீங்களா, எங்க போனாங்க என்று விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். இங்கே பார்த்தால் மகள் முதலை மேல் சவாரி செய்கிறாள், மகன் அந்நியர் தட்டில் ஆப்பிள் மசியலை நக்கிக்கொண்டிருக்கிறான், புருஷன் ஊரான் வீட்டுத் துணியோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறான்.

அவள் ஸ்டெய்னை வாரித் தூக்கிக்கொண்டாள். "அடுத்த வருஷம் துருக்கி" என்றாள். "இதுக்கு மேல பேச்சில்ல."

நான் கேட்கவே இல்லையே, ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று ரெம்கோ வாதாடியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்தத் துணிச்சல் அவனுக்கு இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட வலித்தது.

ஹார்மன் அதற்குள் ஒரு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாய் நிறைய உருளைக்கிழங்கோடு பேசினார்.

"கோச்சுக்காதம்மா. எங்க வீட்டுல பதினைஞ்சு வருஷமா நானும் ஒருத்தியோட குடும்பம் நடத்துறேன். இந்தத் தம்பி என்கிட்ட சொன்னதை நான் அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல."

"என்ன சொன்னார்?"

ஹார்மன் விழுங்கிவிட்டு, பாடம் ஒப்பிப்பவர் போல ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். நீ திரும்பிப் படுத்தாக்கூட எனக்குக் கேக்குது என்கிற இடத்தில் அவருக்கே குரல் உடைந்துவிட்டது. உப்பு குறைவு என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மார்லூஸ் ரெம்கோவைப் பார்த்தாள். அவன் தன் கால் விரல்களைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"இவர் சொல்றது நிஜமா?"

"சாப்பாடு ஆறுது" என்றான் ரெம்கோ.

மார்லூஸ் பிள்ளையை இறக்கி அவன் கையில் கொடுத்தாள். ஹார்மனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய துணி அறைக்குள் குனிந்து நுழைந்து, உள்ளிருந்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இப்ப என்கிட்ட சொல்லு."

ஸ்டெய்னை இடுப்பில் வைத்துக்கொண்டே ரெம்கோ மறுபடி குந்தினான். ஃபென்னா முதலையோடு பக்கத்தில் வந்து நின்றாள். ஹார்மன் மெல்லுவதை நிறுத்தினார். ரெம்கோ சொன்னான். முதல் தடவை மாதிரி கோவையாக வரவில்லை. நடுவில் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தான், மாடி என்று சொல்லவேண்டிய இடத்தில் கீழே என்றான். ஆனால் கடைசிவரை சொல்லி முடித்தான்.

உள்ளே அவள் அசைந்ததில் துணி லேசாக ஆடியது.

"சரி. அடுத்த வருஷமும் இங்கயே வருவோம்" என்றாள் கடைசியில். "இப்ப இந்த ஜிப்பைத் திற. சிக்கிக்கிச்சு."