நான்காவது தடத்தில் பூஜ்ஜியம்

இரவல் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியதுமே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளே யாரோ ஒருவருடைய பழைய வியர்வை, யாரோ ஒருவருடைய தலை எண்ணெய், அதற்கு மேல் யாரோ அடித்துக்கொண்ட மட்டமான சென்ட். பூட்ஸ் அதைவிட மோசம். போன வாரம் போட்டவரின் ஈரம் இன்னும் காயவில்லை. காலை விட்டதும் சொதசொதவென்றது. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவள். விரல் ரேகை பட்டாலே துடைத்து வைக்கிற கை. இந்தக் கர்மத்துக்கெல்லாம் எதற்கு வந்தோம் என்று ஒரு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் நொந்துகொண்டாள், ஒவ்வொரு ஞாயிறும் வந்துகொண்டும் இருந்தாள்.

வந்ததற்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். கண்காணாத இடத்துக்குப் போய்த் தொலைந்திருந்தாலாவது பரவாயில்லை. மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தான், அவள் வாங்குகிற கடையிலேயே காய்கறி வாங்கினான். அன்றிலிருந்து எல்லோரும் அவளைப் பஞ்சில் பொதிந்து வைத்துக்கொண்டார்கள். வீட்டில் கேரம் ஆடினால் அண்ணன் மகள் சிவப்புக் காயை வேண்டுமென்றே தவறவிட்டாள். அண்ணி மீனில் பெரிய துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தாள். கடையில் அவள் ஒரு லென்ஸை அரை மில்லிமீட்டர் கூடுதலாக அரைத்துப் பாழாக்கினால், மற்றவர்களைக் கிழி கிழியென்று கிழிக்கிற முதலாளி அவளிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். பேசாமல் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறு லென்ஸ் தருவார். திட்டு வாங்கக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ட்ரையல்ஸ் பைக்கில் அந்தச் சலுகை கிடையாது என்று நம்பித்தான் அண்ணனோடு கிளம்பினாள். அந்த வண்டிக்கு உட்கார சீட்டே இல்லை. நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். வேகத்துக்கு அங்கே மரியாதையும் இல்லை. கைவிட்ட கல் குவாரிக்குள் இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டி, நடுவில் பாறை, மரக்கட்டை, சேறு என்று ஆறு தடங்கள். எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் சரி, கால் தரையில் படக் கூடாது. ஒரு தடவை பட்டால் ஒரு புள்ளி, இரண்டு தடவைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை தடவை பட்டாலும் மூன்று. விழுந்தாலோ ரிப்பனைத் தாண்டினாலோ ஐந்து. யாருக்குப் புள்ளி குறைவோ அவர் ஜெயிப்பார். கால் பட்டதா இல்லையா, அவ்வளவுதான் பேச்சு. எவள் புருஷன் எவளோடு போனால் பாறைக்கு என்ன?

அண்ணன் அந்தக் கிளப்பில் பழைய ஆள். பயிற்சியில் அவள் என்ன செய்தாலும் "சூப்பர் பாப்பா" என்றான். முப்பத்தொன்பது வயதில் பாப்பா. கட்டையில் மோதி நின்றாலும் சூப்பர், வண்டியோடு சாய்ந்தாலும் சூப்பர். கிளப்பில் மற்றவர்களுக்கு அவள் 'தங்கச்சி'. தங்கச்சி வந்தால் வழிவிட்டார்கள், தங்கச்சிக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்கள். புதுசு என்பதால்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

அன்று புதியவர்களுக்கான போட்டி. ஓட்டுபவர்கள் ஏழு பேர். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. ஒவ்வொரு தடத்திலும் நின்று பார்ப்பவர் அதில் வாங்கிய புள்ளிக்கு நேரே துளை போட்டுத் தருவார்.

முதல் தடத்தில் மூன்று புள்ளி வாங்கினாள். இரண்டாவது தடத்தில் என்னவோ நடந்தது. கட்டைமேல் முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரமும் ஏறியது, வண்டி தானாகவே வழி தெரிந்ததுபோல் இறங்கி வெளியே வந்துவிட்டது. கால் படவே இல்லை. ரிப்பன் ஓரத்தில் நின்ற அண்ணன் கை தட்டினான். அங்கே நின்று பார்த்த ஆள் பூஜ்ஜியத்தில் துளை போட்டார். ஆறு வருஷத்தில் அவளுக்கு உள்ளுக்குள் அப்படிக் குளிர்ந்ததே இல்லை. ஹெல்மெட் நாற்றம்கூட அந்தக் கொஞ்ச நேரம் உறைக்கவில்லை.

நான்காவது தடம் வெறும் சேறு. பச்சைப் பாசி மிதக்கும் குட்டையின் ஓரம், அழுகின முட்டை நாற்றம். வலது கால் கணுக்கால்வரை போயிற்று. இடது கால் போயிற்று. மறுபடி வலது கால். பின்சக்கரம் வழுக்கி ரிப்பனையும் இழுத்துக்கொண்டு வெளியே போனது. சந்தேகமே இல்லாத ஐந்து. அங்கே நின்றவர் பல் டாக்டர், கிளப்பின் செயலாளர். அட்டையை வாங்கித் துளை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். சேற்றுக் கையால் வாங்கிய அவள் அதைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் அட்டையைத் துடைத்தபோதுதான் பார்த்தாள். நான்காவது தடத்தில் பூஜ்ஜியம்.

தவறிப்போய்ப் போட்டிருப்பார் என்று டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ரொட்டித் துண்டை மென்றுகொண்டே சிரித்தார்.

"விடுங்க தங்கச்சி. யாரு பாத்தா?"

"நீங்க பாத்தீங்களே. அதுக்குத்தான அங்க நின்னீங்க?"

"உங்க அண்ணன்தான் சொல்லி வச்சாரு. ரொம்பக் கஷ்டப்பட்ட பொண்ணு, ஒரு கப்பு கையில வந்தா மனசு தேறும்னாரு. இதுல என்ன போயிடப்போவுது?"

அவர் பல்லிடுக்கில் ரொட்டி ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்தில் பிளம்பர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டியவர், அவளோடு போட்டியில் இருந்தவர், நான்காவது தடத்தில் தட்டுத் தடுமாறி நியாயமாக மூன்று புள்ளி வாங்கியவர். இந்த மனுஷனாவது நாலு வார்த்தை சண்டை போடட்டும் என்று அட்டையை அவரிடம் நீட்டினாள்.

அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. "தெரியும்மா. காலையிலயே எங்க எல்லார்கிட்டயும் கேட்டாரு. நான் சரின்னுட்டேன். எனக்கு எதுக்கு கப்பு, வீட்டுல வைக்க எடமில்ல."

ஆக, ஏழு பேர் போட்டியில் ஆறு பேர் கூடிப் பேசி அவளுக்கு ஒரு பிச்சை போட்டிருக்கிறார்கள். சீ என்று இருந்தது. காலையில் அவளுக்குக் கை தட்டியது, வழிவிட்டது, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தது எல்லாமே நாறியது. அதைவிடக் கொடுமை, இரண்டாவது தடத்தின் பூஜ்ஜியமும் நாறியது. தடித்த பூட்ஸுக்குள் கால் பட்டது தெரியாமலே போவது புதியவர்களுக்குச் சகஜம். அது தன்னுடையதா, போட்ட பிச்சையா? நாள் முழுக்க அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

அட்டையை இரண்டாகக் கிழித்து டாக்டரின் ரொட்டிப் பொட்டலத்தின் மேல் வைத்துவிட்டு, அண்ணனைத் தேடிப் போனாள். அவன் யாருடைய வண்டிக்கோ சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் வெளியே வந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

"பாப்பா, உனக்காகத்தான..."

"ரெண்டாவது தடத்துக்கு வா. நான் ஓட்டுறேன், நீ எண்ணு. பொய் சொன்னேன்னு வச்சுக்கோ, இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அவன் முன்னால் நடந்தான். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பின்னால் வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது.

கோபத்தில் ஓட்டினால் எப்படி ஓடும்? நுழைந்த உடனேயே இடது கால் தரையைத் தொட்டது. கட்டைக்கு முன்னால் வலது கால். முன்சக்கரம் கட்டைமேல் ஏறியது, பின்சக்கரம் சறுக்கியது, வண்டி சாய்ந்து அவளைச் சேற்றில் மல்லாக்கப் போட்டுவிட்டுத் தானும் அவள் தொடைமேல் படுத்துக்கொண்டது. வாய்க்குள் மண்.

"அடிபட்டுச்சா பாப்பா?" அண்ணன் ஓடிவந்தான்.

அவள் மண்ணைத் துப்பினாள். "எத்தனை?"

"மண்ணு வழுக்கிடுச்சு, நீ என்ன பண்ணுவ? முக்காவாசி நல்லாத்தான்..."

"எத்தனைன்னு கேட்டேன்."

அவன் வண்டியைத் தூக்கக் குனிந்தான். "தொடாத," என்றாள். அவன் நிமிர்ந்தான். காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்த சுளிப்பு இப்போது அவன் முகத்துக்கு வந்தது.

"அஞ்சு. போதுமா? கேவலமா ஓட்டுற. ஒரு மாசமா பாக்குறேன், முட்டிய மடக்கவே மாட்டேங்குற, நட்டு வச்ச கம்பி மாதிரி நிக்குற. பாக்கவே சகிக்கல. வண்டிய இப்படியா போட்டு முறிப்பாங்க?"

சேற்று நீர் முதுகு வழியாக உள்ளே இறங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை.

"காலையில?" என்றாள்.

அவன் மறுபடியும் சமாதானமாக ஏதோ சொல்லத்தான் போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை அவனுக்கு.

"காலையில ஒரு கால் பட்டுச்சு. கட்டைய விட்டு எறங்குனப்ப, வலது கால். உனக்குத் தெரியல. நான்தான் அங்க நின்னவனுக்குக் கண்ணக் காட்டினேன்."

ஒன்று. பூஜ்ஜியம் இல்லை, ஒன்று. அந்த நிமிஷம் அண்ணனை எவ்வளவு வெறுத்தாளோ, அவ்வளவு நிச்சயமாக அவளுக்குத் தெரிந்தது, இந்த ஒன்று தன்னுடையது, யாரும் போட்டதில்லை.

"வேற?" என்றாள்.

"வேறயா? கிளட்ச்ச மொத்தமா விட்டுடுற. எதிர்ல பாக்காம சக்கரத்தையே பாக்குற. இன்னும் சொல்லவா?"

"சொல்லு."

அவன் சொல்லிக்கொண்டே போனான். நடுவில் ஒரு இடத்தில்கூடப் பாப்பா என்று வரவில்லை. அவள் வண்டியைத் தொடையிலிருந்து தள்ளிவிட்டு எழுந்து நின்று, கடைசிவரை கேட்டாள்.