ஆர் அண்ட் பி என்று எழுதிய பெட்டி

அமெரிக்க ஊரான ஆலனில் நஞ்சுண்டன் வீட்டு கராஜில் இருந்த மரப்பெட்டிக்குள் வாரத்துக்குப் பத்து வருடம் வீதம் காலம் ஓடியது. பக்கத்து வீட்டு மிஸ் வில்மா முதியோர் இல்லத்துக்குக் குடிபோகுமுன், பழைய சாமான்களை விற்க ஆகஸ்டில் போட்ட கராஜ் சேலில் வாங்கிய பெட்டி அது. மூடியில் கறுப்பு மையில் ஆர் அண்ட் பி என்று, அதாவது ரிதம் அண்ட் புளூஸ் என்ற இசை வகையின் சுருக்கப் பெயர், எழுதியிருந்தது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் பேரம் கேட்டே பல் முளைத்த நஞ்சுண்டன், சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டு, கிளம்புவதுபோல இரண்டடி நடந்தும் காட்டினான். தொண்ணூற்றொரு வயது வில்மா அசரவில்லை. கடைசியில் அவனே திரும்பி வந்தான். விலை படிந்தபின் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். காலமான அவள் கணவர் வெண்டல் 1951இல் சாக்ஸஃபோன் வாசித்த ஒரே இசைத்தட்டு அதற்குள் இருந்தது. அக்டோபரில் தன் பிறந்தநாளன்று வருவாள். அதை ஒரு தடவை போட்டுக் காட்ட வேண்டும். வெண்டலின் மூச்சு மிச்சமிருப்பது அதில் மட்டும்தான் என்றாள். நஞ்சுண்டன் கைகொடுத்து வாக்குக் கொடுத்தான்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்கு. சாக்ஸஃபோன் அலறியது, பியானோ குதித்தது, வெண்டலின் தட்டும் இருந்தது. இரண்டாம் வாரம் பாதித் தட்டுகள் எதிர்வீட்டு கராஜுக்குப் போய், ராக் அண்ட் ரோல் என்று பெயர் வைத்துக்கொண்டு, திரும்பி வர மறுத்துவிட்டன. வெண்டலின் தட்டு பெட்டியிலும் இல்லை, அங்கேயும் இல்லை. மிஞ்சியவை தேவாலயத்தில் பழகிய குரலில் காதலைப் பாடின. நடுவில் லண்டன் பையன்கள் சிலர் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு கிட்டாரோடு புகுந்து, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார்கள். பிறகு டிரம் வாசித்தவர் போய் மெஷின் வந்தது. ஆறாம் வாரம் தட்டுகள் சீடிகளாகச் சுருங்கின. பட்டுபோன்ற குரல்கள் ஒரே சொல்லை ஒன்பது வளைவு வளைத்தன. எட்டாம் வாரம் பெட்டிக்குள் எதுவுமே இல்லை. மூடியைத் திறந்தால் பாட்டு மட்டும் முணுமுணுப்பாக வந்தது. மேலே எழுதியிருந்த பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"லேபிள் ஒண்ணு, சரக்கு வேற. எங்க சந்தையில இப்படி வித்தா கடையையே பூட்டிருவாங்க," என்று நஞ்சுண்டன் குதித்தான்.

மனைவி மரகதம் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். "ஏனுங்க, இந்த வனிலா ஐஸ்க்ரீம் டப்பால என்ன இருக்குது? ரசம். போன வாரம் சட்னி. என்னைக்காச்சும் கம்ப்ளெய்ண்ட் பண்ணீங்களா?"

"அப்பா, திஸ் இஸ் ஆர் அண்ட் பி. யுவர்ஸ் இஸ் எ மியூசியம்," என்றாள் பதினாறு வயது மகள் தென்றல்.

லேபிளைக்கூட அவன் விட்டுவிடுவான். கொடுத்த வாக்குதான் பிரச்சினை. பல ஊர்களுக்கு ஃபோன் போட்டுத் தேடினான். சான் ரமோனில் பழைய தட்டு சேகரிப்பவர் ஒருவர், வெண்டல் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார். அதே காலத்து வேறு சாக்ஸஃபோனைப் போட்டுச் சமாளித்தால் என்ன என்று வியாபாரி மூளை யோசித்தது. மரகதம் ஒரே கேள்வியில் அடக்கினாள்: "புருஷன் மூச்சு அவங்களுக்குத் தெரியாதா?"

பிறந்தநாளன்று வில்மா தொப்பி வைத்துக்கொண்டு வந்தாள். நஞ்சுண்டன் தலைகுனிந்து, தட்டு போய்விட்டது என்று ஒப்புக்கொண்டான். வில்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கத் தாங்காமல் தென்றல் பெட்டியைத் திறந்தாள். பதில் வராத மெசேஜ் ஒன்றைப் பற்றி ஒரு பெண் முணுமுணுத்துப் பாடினாள். அவள் குரலுக்கு அடியில் நாலே சுரம், சாக்ஸஃபோனில், திரும்பத் திரும்ப வந்தது. வில்மா கையை உயர்த்தினாள்.

"நாலாவது சுரத்துக்கு முன்னால மூச்சு வாங்குறாரே, அது வெண்டல். எப்பவும் லேட்டு."

பாடிய பெண் அந்தப் பழைய தட்டிலிருந்து நாலு சுரத்தை வெட்டித் தன் பாட்டில் ஒட்டியிருந்தாள் என்பதைத் தென்றல் ஃபோனில் கண்டுபிடித்துச் சொன்னாள். மூன்று நிமிடப் பாட்டில் வெண்டல் ஐம்பத்துமூன்று தடவை மூச்சு வாங்கினார். வில்மா எண்ணினாள். உயிரோடு இருந்தபோது மனுஷன் இவ்வளவு உழைத்ததில்லை என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் போடச் சொன்னாள்.

அதன்பின் வாரா வாரம் வந்தாள். பெட்டியில் அன்றைக்கு என்ன இருந்ததோ அதைக் கேட்டாள். அந்தப் பிறந்தநாளன்று கிளம்பும்போதே மரகதம் வனிலா டப்பா ஒன்றை அவள் கையில் கொடுத்தாள். உள்ளே என்ன என்று வில்மா கேட்கவில்லை. சூடு பண்ண வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.