ஒன்று ஐம்பதிலிருந்து இரண்டு முப்பது வரை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. ஒரே சொல்லாலான பொய். "ஓம்" என்று ஒருத்திக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நேரம் ஞாயிறு பிற்பகல் மூன்று பதினாறு. அந்தச் செய்தி இன்னமும் என் கைபேசியில் இருக்கிறது. அதை அழிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. அதைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் குறூப்பில் பதினொரு பேர். யாழ்ப்பாணத்தில் அவரவர் அறையில், கணினியில் இசை செய்கிறவர்கள். ஞாயிறுகளில் ஒருவர் தன் ட்ராக்கைப் போட வேண்டும். மற்றவர்கள் ஹெட்போனில் இரண்டு தரம் கேட்டுவிட்டு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது செக்கன் என்று குறித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். வெறுமனே "நல்லாயிருக்கு" என்று எழுதுகிறவருக்குத் தண்டனை உண்டு: தன்னுடைய அரைகுறை ட்ராக் ஒன்றை எல்லோரும் கேட்கப் போட வேண்டும். சட்டம் கஜீவனுடையது. இணுவிலில் கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். "நல்லாயிருக்கு எண்டு சொல்ல எனக்கு அம்மா இருக்கிறா. நீங்கள் பிழையைச் சொல்லுங்கோ" என்பான்.

நான்தான் அதில் வயதில் மூத்தவன். என் ட்ராக்குகள் சுமார். கருத்துக்கு மட்டும் மதிப்பு இருந்தது. நிறைய வாசிக்கிறவன் என்பதால் இருக்கலாம். ரொறன்ரோவிலிருந்து மச்சான் அனுப்பிய விலை உயர்ந்த ஹெட்போன் என்னிடம் இருந்ததும் ஒரு காரணம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

குருநகர்க் கடல் அன்று அசைவில்லாமல் கிடந்தது. டிலக்ஷி தன் தகப்பனின் படகை

நிறுத்திவிட்டேன். டிலக்ஷி எங்கள் குறூப்பில் ஒருத்தி; நான் பொய் சொன்னது அவளுக்குத்தான். அவள் வீட்டு யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். குருநகரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கடலில் தொடங்குகிறார்கள். ஒருமுறை அவளிடம் கடலைப் பற்றி அழகாக ஏதோ சொன்னேன். "அது அப்பா வேலைக்குப் போற இடம் அண்ணை. பாக்க வாறது நீங்கள்தான்" என்றாள்.

இரண்டாவது தொடக்கம்:

வயது இருபத்து நான்கு. மருந்துக்கடையில் வேலை. பழைய லப்டொப் ஒன்று, ஒரு பக்கம் மட்டும் ஒழுங்காகக் கேட்கும் இயர்போன் ஒன்று

[இது விண்ணப்பப் படிவம்.]

ஆகவே ட்ராக்கிலிருந்தே தொடங்குகிறேன். தொடங்க விரும்பாத இடமும் அதுதான்.

3

அந்த ஞாயிறு டிலக்ஷி போட்ட ட்ராக் நான்கு நிமிடம் இருபது செக்கன். கண்ணாடிக் குவளைகளை நகத்தால் தட்டுவது போன்ற மெல்லிய ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வரும். ஒன்று ஐம்பதில் எல்லாம் நின்றுவிடும். இரண்டு முப்பதில் திரும்பி வரும். இடையில் நாற்பது செக்கன் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஹெட்போன் அறையில் இருந்தது. எழுந்து போகப் பஞ்சி, சோம்பல். சத்தம் கூடட்டும் என்று கைபேசியை தேநீர் குடிக்கிற ஒரு சில்வர் பேணிக்குள் நிறுத்தி வைத்து, ஒரே ஒரு தரம் கேட்டேன். முதல் கருத்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. கையைத் துடைத்துவிட்டு எழுதினேன்:

"1:50 – 2:30. இந்த ட்ராக்கின் உயிர் இந்த நாற்பது செக்கன். மற்றவர்கள் நிரப்பத் துடிக்கிற இடத்தை வெறுமையாக விட உங்களுக்குத் தைரியம் இருந்திருக்கிறது. இந்த ஊரில் பேசப்படாமல் போனவையெல்லாம் அந்த இடத்தில் வந்து அமர்கின்றன."

இன்னும் பதினொரு வரி இருக்கிறது. இங்கே தர வெட்கமாக இருக்கிறது.

(குறிப்பு: மௌனத்தைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம். வீட்டுக்கு வந்தவர்கள் நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து எழுந்து போயிருக்கிறார்கள். அதை ஆழம் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.)

கஜீவன்தான் முதலில் பதில் போட்டான். "நான் இன்னும் ட்ராக்கைக் கேக்கேல்லை. அண்ணை, உது பின்னூட்டமோ அஞ்சலி உரையோ?"

டிலக்ஷி குறூப்பில் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் தனியாகக் கேட்டாள்.

"அண்ணை, ஹெட்போனிலைதானே கேட்டனீங்கள்?"

"ஓம்."

நெடுநேரம் அவள் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. பிறகு வந்தது:

"அது வெறுமை இல்லை அண்ணை. அப்பாவின்ரை போட் எஞ்சின். பேஸ், அந்த அடிச்சத்தம் மட்டும் மிஞ்சிற மாதிரி நல்லா இறக்கி வைச்சனான். என்ரை இயர்போனிலை அது கேக்காது. ஸ்கிரீனிலை அலையைப் பாத்துப் பாத்துத்தான் செய்தது. உங்கடை ஹெட்போனிலையே கேக்கேல்லை எண்டால் அது வரவே இல்லை. எடுத்துவிடுறன். நீங்கள் சொன்ன மாதிரி வெறுமையாவே கிடக்கட்டும்."

(குறிப்பு: கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் மிகத் தாழ்ந்த ஒலிகளை எழுப்ப முடியாது. இசை செய்கிறவர்கள் முதலில் படிக்கிற பாடம் இது. எனக்கும் தெரியும்.)

அறைக்குப் போய் ஹெட்போனைப் போட்டேன். ஒன்று ஐம்பதில் அது இருந்தது. காதில் கேட்டதைவிடத் தாடை எலும்பில்தான் அதிகம் உணர்ந்தேன். படகின் அடிப்பலகையில் முகம் வைத்துப் படுத்திருப்பது போல. இரண்டு இடங்களில் எஞ்சின் தடுமாறிப் பிறகு பிடித்துக்கொண்டது. நான் கேட்டவற்றில்

[இந்த வசனத்தை முடிக்க மாட்டேன். அவளுக்குச் சொல்லாத பாராட்டை உங்களுக்குச் சொல்வது சரியில்லை.]

ஹெட்போனைக் கழற்றியபோது குறூப்பில் பழைய ட்ராக்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருந்தாள்.

"பழசை ஏன் எடுத்தனி? ஒருத்தரும் கேக்க முதல்?" என்று கஜீவன்.

"பழசு இல்லை. அதுக்கு மேலாலை சேவ் பண்ணிட்டன். எஞ்சின் றெக்கோடிங்கையும் அழிச்சாச்சு. லப்டொப்பிலை இடமில்லை."

முதலிலேயே இறக்கிச் சேமித்துவிட்டதால், என் கைபேசியில் மட்டும் பழையது இருந்தது. அன்று மாலை முழுவதும் மற்றவர்கள் அந்த நாற்பது செக்கனின் வெறுமையைப் புகழ்ந்தார்கள். நானும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

4

தகப்பன் யாகோப்பை எழுதுவதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. முதல் வரைவில் அந்தக் காதை ஷெல் வெடியில் போக்கினேன். வாசிக்கிறவர்கள் உடனே நம்புவார்கள். உண்மை அதைவிடச் சாதாரணமானது. முப்பது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தார். மெல்லிய சத்தங்கள் முதலில் போயின: தொலைபேசி மணி, குருவிகள், பிறகு பெண்களின் குரல். கடலில் மற்றப் படகுக்காரர் கூப்பிடுவது கேட்காமல் இரண்டு தரம் இடிபடப் பார்த்ததும், பங்குனியில் எஞ்சினை விற்றுவிட்டார்.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்தது உண்மையைச் சொல்வதற்காக ஒரு சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனபோது. அவர் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உவர் ஆர், பிள்ளை?" தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் கேட்பது போன்ற குரல்.

டிலக்ஷி அவருடைய காதருகே குனிந்து, ஆண்குரல் போலத் தொண்டையைத் தாழ்த்திச் சொன்னாள். "என்ரை பாட்டைக் கேட்டுச் சொல்லுற அண்ணை." அவரோடு எப்போதும் அந்தக் குரலில்தான் பேசுகிறாள் என்று பிறகு விளங்கியது.

"ஓ, நல்ல காதுக்காரர். இருங்கோ தம்பி. இவள் என்ன செய்யிறாள் எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. பெட்டியைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள், தலையை ஆட்டுறாள். விசரோ எண்டு தாய் கேட்டவ. அதுதான் ஒருத்தர் கேக்கிறார், விளக்கமா எழுதுறார் எண்டு சொன்னவள்." சிரித்தார். "உங்கடை காதிலை பாதியைத் தந்திட்டுப் போங்கோவன்."

எனக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு டிலக்ஷி தன் சொந்தக் குரலில் சொன்னாள். அந்தக் குரல் அவருக்குக் கேட்காது.

"அடிச்சத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்காம். அதுவும் குறைஞ்சு வருதெண்டு டொக்டர் சொன்னவர். கஜீவனிட்டைப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒண்டு இரவல் வாங்கி, அப்பாவின்ரை கையை அதிலை வைச்சு அந்த இடத்தைப் போட்டுக் காட்ட இருந்தனான். நான் செய்யிறதிலை அவருக்குக் கேக்கக்கூடியது அது ஒண்டுதான். எஞ்சினை வித்த பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன. பேஸ் எனக்கு வராது அண்ணை. அது உங்களாலைதான் தெரிஞ்சுது. நல்ல காலம், பெட்டியைக் கொண்டு வந்து அவருக்கு முன்னாலை வெக்கப்படாமல் தப்பினன்."

பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்க முன் அவள் லப்டொப்பைத் திருப்பினாள். புதிய ட்ராக். ஆறு நிமிடம். அதில் மூன்று இடங்களில் மௌனம் இருந்தது, உண்மையான மௌனம். நீளமானது ஒரு நிமிடத்துக்கும் மேல்.

"உங்களுக்குப் பிடிக்கும் எண்டு நினைச்சுச் செய்தது. எப்பிடி?"

"நல்லாயிருக்கு" என்றேன்.

"தண்டனை இருக்கு, தெரியுந்தானே" என்று சிரித்தாள்.

5

அந்தக் காலையை வேறு மாதிரி முடிக்க மூன்று தரம் முயன்றேன்.

முதலாவதில், "டிலக்ஷி, நான் பொய் சொன்னனான்" என்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். "என்னவாம்?" என்று தகப்பன் கேட்கிறார். அவள் தொண்டையைத் தாழ்த்தி

இதற்குமேல் எழுத முடியவில்லை. என்னைப் பற்றி அவள் அவருக்கு என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதில், வேறொரு இலக்கத்திலிருந்து பழைய ட்ராக்கின் கோப்பை அனுப்பிவிடுகிறேன். கோப்புக் கிடைக்கும். ஆனால் நல்ல ஹெட்போனிலும் அது கேட்காது என்றுதான் அவள் தொடர்ந்து நம்புவாள். கிடைத்ததைப் பெட்டியில் போட்டுப் பார்க்க மாட்டாள்.

மூன்றாவது நீளமானது. கஜீவனின் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே போகிறேன். எல்லோரும் அழுகிறார்கள். நான் வாசலில் ஒதுங்கி நிற்கிறேன். நான்கு பக்கம் எழுதிய பிறகு திரும்ப வாசித்தேன். அதில் மிக நல்லவனாக இருந்தது நான்தான். கிழித்தேன்.

உண்மையில் நடந்தது: ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு, தகப்பனுக்குத் தலையசைத்துவிட்டு, கொக்குவிலில் என் வீட்டுக்குப் பஸ் எடுத்தேன்.

6

அவருக்கு அடுத்த காதுப் பரிசோதனை வியாழக்கிழமை. மிஞ்சியிருக்கிற அடிச்சத்தமும் போய்விட்டதா என்று அன்று தெரியும். இன்று செவ்வாய். கோப்பு என் கைபேசியில் இருக்கிறது. அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைத் தள்ளிப்போட இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

இதை வெளியிட முன் அவளுக்கு அனுப்ப வேண்டும், கோப்போடு. அனுப்பினேனா இல்லையா என்று இங்கே எழுத மாட்டேன். அனுப்பினேன் என்று எழுதினால் நீங்கள் நம்ப வேண்டியிருக்கும். நான் சொன்னதை நம்பிய ஒருத்திக்கு என்ன நடந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் என்னைத் திட்டலாம். குறூப்பிலிருந்து என்னை நீக்கலாம். இளகிய மனம் உள்ளவர்கள் அவளைக்கொண்டு என்னை மன்னிக்க வைக்கவும் கூடும். ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னை மன்னிக்க முன், யாகோப்பு அந்தப் பெட்டியில் உள்ளங்கையை வைக்கிற இடத்தை எழுதுங்கள். ஒன்று ஐம்பதிலிருந்து இரண்டு முப்பது வரை, அவசரப்படாமல். அந்த இடத்தில் அவருடைய முகத்தை உங்களால் எழுத முடியாவிட்டால், அல்லது உங்கள் கதையில் அதற்குள் அவருடைய காதுக்குப் பிந்திவிட்டிருந்தால், என்னையும் அப்படியே விட்டுவிடுங்கள்.