பத்தாவது கட்டம்

1

இந்தக் கதை ஒரு மீனால் வந்தது. போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது பழைய காகிதப் பையில் காய்ந்த சால்மன் துண்டு ஒன்று கிடைத்தது. முகர்ந்தேன். டெல்ஃபின் அக்கா எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன், மறைப்பானேன்?

தொடக்கம்: "1998 செப்டம்பர். ஆற்றின் மேல் பனி படர்ந்து..."

[அடித்துவிட்டேன். அன்று ஏது பனி? நல்ல வெயில், வறட்டுக் காற்று. இல்லாவிட்டால் மீன் எப்படிக் காயும்?]

2

பள்ளி மாவட்ட அலுவலகத்தில் நான் வருகைப் பதிவு குமாஸ்தா. எனக்கு மூன்றே எழுத்துகள். வந்தால் 'வ'. நோயென்றால் 'நோ'. காரணமின்றி வராவிட்டால் 'கா'. பள்ளி திறந்து முதல் பத்து நாளும் 'கா' விழுந்தால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

ரோண்டாவுக்கு ஒன்பது விழுந்திருந்தது. கடைசி வகுப்புப் பெண். ஆற்றங்கரையில் வீட்டாரோடு குளிர்காலத்துக்கு மீன் கிழித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.*

* நானும் அதே கரையில் மீன் கிழித்தவள்தான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

3

டெல்ஃபின் அக்கா மாவட்டத்தின் பூர்வகுடிக் கல்வித் தலைவர். எங்கள் சனத்தில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள். பத்தாம் நாள் மதியம் கையில் ஒரு வருகைத் தாளோடு, மீன் புகை வாடையோடு வந்தார்.

"இந்தா. ஆத்தங்கரையில வகுப்பு எடுத்துட்டு வர்றேன். ரோண்டா வந்திருந்தா. 'வ' போடு."

"கட்டடத்துக்குள்ள வந்தாத்தான் 'வ', அக்கா. மேல கேப்பாங்க."

"நான்தான்டி மேல! கதவுல பித்தளையில பேரு மின்னுதே, கண்ணு தெரியலையா?"

"பித்தளை உங்களுக்கு. வேலை போனா எனக்குல்ல?"

அக்கா சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உனக்கு அந்த வயசுல என்ன எழுத்து போட்டாங்க?"

"'கா'."

"மீன் கூடையில தலையை வச்சுக்கிட்டு அழுதியே, ஞாபகம் இருக்கா?"

தாளை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

4

முடிவு ஒன்று: 'வ' போட்டேன். ரோண்டா பட்டம் வாங்கி... [நல்லாத்தான் இருக்கிறது. பொய்.]

முடிவு இரண்டு: மை கொட்டி ஏடு பாழாகி... [சீ, கோழைத்தனம்.]

நடந்தது: 'கா' போட்டேன். பேனாவால். பயம்தான், வேறொன்றுமில்லை.

மறுவருடம் அக்கா கல்வி வாரியத்தோடு மல்லுக்கட்டி நாலாவது எழுத்தை வாங்கினார். 'ஆ'. ஆற்றங்கரையில் இருக்கிறாள் என்று பொருள், வந்ததற்குச் சமம். அதைப் போட என் ஏட்டில் ரோண்டாவின் பெயர் இல்லை.

அக்கா என்னைத் திட்டவே இல்லை. தான் கண்ணை மூடும்வரை செப்டம்பர்தோறும் என் மேசையில் ஒரு பை காய்ந்த மீன் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

5

முடிவு என்னிடம் இல்லை. ஏடு இதோ:

ரோண்டா: கா கா கா கா கா கா கா கா கா [  ]

பத்தாவது கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அவள் இன்னும் கரையில்தான் நிற்கிறாள், கையெல்லாம் செதில். உங்களுக்கு வேலை போகாது. எழுதுங்கள்.