சனிக்கிழமை பார்சல்

ஆற்றுமுக்குச் சந்தைக்குள் சனிக்கிழமை காலை பசியோடு நுழைகிறவன் ஏலிக்குட்டியின் கடையைத் தாண்டிப் போகிறான் என்றால் அவனுக்கு மூக்கில் ஏதோ கோளாறு. பெயர்ப்பலகை கிடையாது. மீன் வரிசை முடிந்து காய்கறி வரிசை தொடங்கும் முனையில் ஒரு தகரக் கூரை, நாலு பெஞ்சு, கை கழுவ ஒரு குழாய். ஒரு தட்டு மரவள்ளிக் கிழங்கும் மத்திக் குழம்பும் ஐம்பது ரூபாய். மரவள்ளிக்கு அங்கே கப்பை என்று பெயர். கப்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்காமல் எழுந்துவிட்டால், "என்ன, வீட்ல சண்டையா?" என்று நாலு பேர் நடுவில் விசாரிப்பாள்.

ஊரெல்லாம் கப்பையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டும். ஏலிக்குட்டி கொட்டமாட்டாள். அந்தத் தண்ணீரையே கிழங்கில் சுண்டவிட்டு, தேங்காயும் காந்தாரி மிளகாயும் அரைத்துப் போட்டு மசிப்பாள். "ருசியைக் கொண்டுபோய்ச் சாக்கடையில ஊத்தவா?" என்பது அவள் கேள்வி. மற்றவர்கள் வடிப்பது ருசி தெரியாததால் அல்ல, பயத்தால். கசப்புக் கிழங்கில் விஷம் இருக்கும். 'கட்டு' என்பார்கள் அங்கே. வடித்தால் அது தண்ணீரோடு போய்விடும். ஏலிக்குட்டிக்கு அந்தப் பயம் இருந்ததில்லை. பதினெட்டு வருஷமாகக் குருவச்சன் தோட்டத்துக் கிழங்கைத் தவிர வேறொன்று அவள் அண்டாவில் ஏறியதில்லை. அது கரும்பு மாதிரி இனிக்கும்.

அந்தச் சனிக்கிழமை குருவச்சன் வரவில்லை. பேத்திக்கு மாதா கோயிலில் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு அங்கே நின்றிருந்தார். மலையிலிருந்து வண்டியில் கிழங்கு கொண்டுவந்த ஒரு புது ஆளிடம் ஏலிக்குட்டி இரண்டு சாக்கு எடுத்தாள். சும்மா எடுக்கவில்லை. முதல் சாக்கில் கைவிட்டு ஒரு கிழங்கை உருவி, ஒடித்து, பச்சையாகக் கடித்துப் பார்த்தாள். தித்தித்தது. இரண்டாவது சாக்கில் கைவிடவில்லை. மணி ஆறே கால் ஆகியிருந்தது, உரிக்க ஆள் காத்திருந்தது, யார்தான் இரண்டாவது சாக்கையும் கடித்துப் பார்ப்பார்கள்?

எட்டரைக்கு முதல் அண்டா இறங்கியது. மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் ஆட்டோக்கார மணியப்பன் வந்து, வழக்கம்போல வாட்டிய வாழையிலையில் ஒரு பார்சல் கட்டி வாங்கிக்கொண்டு போனான். எட்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் வருகிறவன். யாருக்கு என்று கேட்டால், "ஒரு வயசான ஆளுக்கு, சேச்சி" என்பதோடு வாயை மூடிக்கொள்வான்.

அவன் ஆட்டோ திரும்பிக் கால்மணி நேரம்கூட இருக்காது, உட்கார்ந்த மூன்று பேருக்கும் ஏலிக்குட்டி அப்போதுதான் தட்டு வைத்திருந்தாள். பார்கவி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். தினமும் கிழங்குத் தோலை ஆடுகளுக்கு அள்ளிக்கொண்டு போகிறவள்.

"சேச்சி! அந்தக் கப்பை எங்கேருந்து வாங்கினே?"

"ஏன்டீ? என்ன ஆச்சு?"

"என் ஆடு விழுந்துடுச்சு சேச்சி! சினை ஆடு. நுரை தள்ளுது, காலை இழுத்துக்கிட்டுக் கிடக்கு. தோலைத் தவிர வேற ஒண்ணும் போடலை."

ஏலிக்குட்டி அண்டா பக்கம் ஓடினாள். மிளகாய் சேராத ஓரமாகப் பார்த்து, விரலால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தொண்டைக்குள் வேப்பங்கொட்டையை நசுக்கினாற்போல ஒரு கசப்பு. துப்பினாள்.

"யாரும் சாப்பிடாதீங்க! கையை எடுங்க! எடுங்கன்னு சொல்றேன்ல!"

தபால்காரர் சிவராமன் வாய்க்குப் போன கவளத்தோடு நின்றார். "நானும் நினைச்சேன், லேசாக் கசக்குதேன்னு. மிளகாய் கருகிடுச்சாக்கும்னு விட்டுட்டேன்."

"எத்தனை வாய் போச்சு?"

"ரெண்டு."

மற்ற இருவரும் ஒன்று, மூன்று என்றார்கள். ஏலிக்குட்டியின் புருஷன் பைலி மீன் சட்டியை அப்படியே போட்டுவிட்டு வந்தார். ஆசாமி பேச்சில் சுணக்கம், காரியத்தில் இல்லை. "நீங்க மூணு பேரும் வாசல்ல நிக்கற ஜீப்ல ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம். விவாதமெல்லாம் அங்கே வெச்சுக்கலாம்" என்றார்.

"பார்சல்!" என்று கத்தினாள் ஏலிக்குட்டி. "ஐயோ, மணியப்பன் கொண்டுபோன பார்சல்!"

இரண்டு ஆள் சாப்பாடு அது. அவள்தானே அள்ளி வைத்தாள், வயசான ஆளுக்கென்று நன்றாக மசிந்ததாகப் பார்த்து. போன் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. ஓட்டும்போது அவன் எடுக்கமாட்டான். நல்ல பழக்கம்தான், இன்றைக்குப் பார்த்தா?

மீன்காரன் ஹம்ஸா அப்போதுதான் பைக்கை நிறுத்தியிருந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் கட்டியிருந்த மீன் பெட்டியின் கயிற்றை அறுத்து, பெட்டியைத் தரையில் இறக்கினான். பனிக்கட்டியும் மத்தியும் சிதறின.

"ஏறு சேச்சி."

"உன் மீன்டா..."

"பூனை தின்னட்டும். ஏறுங்கறேன்ல!"

ஐம்பத்து மூன்று வயது, நைட்டி, தோளில் துண்டு, கையெல்லாம் தேங்காய். ஏலிக்குட்டி அந்தக் கோலத்திலேயே பைக்கில் ஏறினாள். யாராயிருக்கும்? பல்லில்லாத ஒரு கிழவியா? பக்கவாதம் வந்த அப்பனா? கர்த்தாவே, இன்னும் இலையைப் பிரித்திருக்கக் கூடாது, காலையில் வயிறு சரியில்லை என்று யாராவது மூடி வைத்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

பேருந்து நிலையத்து ஆட்டோ ஸ்டாண்டில் மணியப்பன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். கையில் பார்சல் இல்லை.

"யாருக்குக் குடுத்தே?"

"சேச்சி, அது வந்து... சொல்லக் கூடாதுன்னு சத்தியம்..."

"கசப்புக் கிழங்குடா! தின்ன ஆளு செத்துரும்! யாருக்குக் குடுத்தே?"

பீடி கீழே விழுந்தது. மணியப்பன் கையைத் தூக்கி எதிரே காட்டினான். கண்ணாடிக் கதவு, பளபளக்கும் படிக்கட்டு. அவரானின் ஏசி ஓட்டல்.

அவரானா! அவள் கடையை மூடச் சொல்லி சுகாதார அலுவலகத்துக்கு இரண்டு முறை மனு போட்ட அவரானா! 'சந்தையில் பன்னிக்குப் போடற கிழங்கைத் தட்டுல வெச்சுக் குடுக்கறா' என்று கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து பேசிய அந்த மனுஷனா எட்டு வருஷமாக... இந்த ஆளிடம் போய் என் கப்பையில் விஷம் என்று சொல்வதற்குப் பதில் கடைக்குத் தானே தீ வைத்துவிடலாம். அவள் கால் ஒரு நொடி தயங்கியது. பொய் சொல்வானேன், தயங்கத்தான் செய்தது. பிறகு படியில் ஏறிவிட்டாள்.

உள்ளே நாற்பது பேராவது அப்பமும் முட்டைக் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் அவரானின் அண்ணன் மகன் ஜோபி நைட்டியைப் பார்த்து முகம் சுளித்தான்.

"அவரான் சேட்டன் எங்கே?"

"உள் ரூம்ல. பார்க்க முடியாது. சனிக்கிழமை ஒம்பதுலேருந்து ஒம்பதரை வரைக்கும் யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு."

"அந்த நேரத்துல என்ன செய்யறார்?"

"ஜெபம்."

"நல்ல ஜெபம்!" என்று அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு தாழிட்டிருந்தது. மெதுவாகத்தான் தட்டினாள்.

"சேட்டா, நான் ஏலிக்குட்டி. கதவைத் திறங்க. அந்த இலையைக் கீழே வைங்க."

உள்ளே தட்டு நகரும் சத்தம் நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடித்து மானத்தை வாங்க வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"சேட்டா, சண்டைக்கு வரலை. கர்த்தர் மேல ஆணை. கிழங்குல கட்டு இருக்கு. ஒரு வாய்கூடத் திங்காதீங்க."

"போடி!" என்றது உள்ளேயிருந்து ஒரு நிறைந்த வாய். "உன் தந்திரமெல்லாம் எனக்குத் தெரியும். இங்கே ஒரு கப்பையும் இல்லை. நான் ஜெபத்துல இருக்கேன்."

சொல்லி முடித்ததும் அவசர அவசரமாக மெல்லும் சத்தம் கேட்டது. சாட்சியத்தைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தார் மனுஷன்! ஏலிக்குட்டிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இனி இரகசியம் பேசி ஆகப் போவதில்லை. சாப்பிடுகிறவர்கள் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! நான் சந்தைக் கடை ஏலிக்குட்டி! என் கடைக் கப்பையில விஷம்! தண்ணியை வடிக்காம நான்தான் வேகவெச்சேன்! அதைத்தான் இந்த மனுஷன் உள்ளே உட்கார்ந்து தின்னுக்கிட்டிருக்கார்! யாராவது கதவை உடைங்க!"

நாற்பது கைகள் தட்டில் நின்றன. யாரோ ஒருவன் போனை உயர்த்திப் படம் பிடித்தான். ஹம்ஸா இரண்டு உதை விட்டான். மூன்றாவதில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

அவரான் நாற்காலியில் இருந்தார். கழுத்தில் துண்டு, விரலெல்லாம் மீன் குழம்பு. இலை கிட்டத்தட்ட காலி. ஏலிக்குட்டி மிச்சத்தைத் தட்டிவிட்டாள்.

"பார்த்துட்டியா? சந்தோஷமா?" என்று எழுந்தார். எழுந்தவருக்குச் சுவர் பிடிபடவில்லை. "ஜோபி... ஃபேனைப் போடுடா. மூச்சு... எனக்கு என்னமோ..."

மணியப்பனின் ஆட்டோவில்தான் போட்டுக்கொண்டு போனார்கள். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார், இரண்டும் அவள் மடியில். அவள் துண்டால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டே, "கண்ணை மூடாதீங்க. என்னைத் திட்டுங்க. மனு போட்டீங்கல்ல, அதைச் சொல்லுங்க. திட்டுங்க சேட்டா" என்று உலுக்கிக்கொண்டே வந்தாள். எட்டு வருஷமாக ஓயாத அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா குனிந்து கேட்டாள். "என்ன சாப்பிட்டீங்க? எங்கே சாப்பிட்டீங்க?"

"என் ஓட்டல்ல..." அவரான் முனகினார். "நேத்து மீன்..."

சாகக் கிடக்கும்போதும் வீம்பு. ஏலிக்குட்டிக்கு ஒரு வாசல் திறந்தாற்போல இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். நேற்றைய மீன், அவருடைய ஓட்டல், அவருடைய வாய்மொழி.

"பொய், டாக்டர்! மீன் இல்லை, கப்பை. கசப்புக் கிழங்கு, தண்ணி வடிக்காதது, ரெண்டு ஆள் சாப்பாடு. தின்னு முக்கால் மணி ஆகலை. என் கடை. ஏலிக்குட்டி பைலி, ஆற்றுமுக்குச் சந்தை. எழுதிக்கோங்க."

டாக்டரம்மா அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நர்ஸிடம் ஏதோ ஒரு ஊசியின் பெயரைச் சொல்லி, ஓடச் சொன்னாள்.

அதன்பின் ஒன்றரை மணி நேரம் ஏலிக்குட்டி வராந்தாவில் நின்றாள். நைட்டி நாறியது, ஆட்கள் விலகிப் போனார்கள். பைலி போனில் கூப்பிட்டார். சந்தைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை, வாந்தி எடுக்க வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். பார்கவியின் ஆடு செத்துவிட்டது. அதிகாரிகள் வந்து அண்டாவைக் கவிழ்த்து, கடையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். வீடியோ ஊரெல்லாம் போய்விட்டதாம்.

"எப்ப திறப்பாங்களாம்?"

"திறப்பாங்களான்னே தெரியலை, ஏலி. லைசென்ஸ் போனது போனதுதாங்கறாங்க."

"சரி" என்றாள். அழவில்லை. போனைத் துண்டில் முடிந்துகொண்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்தாள். "பிழைச்சுட்டார். நேத்து மீன்னு நினைச்சு வேற வைத்தியம் பார்த்திருந்தா இந்நேரம் கையை விட்டுப் போயிருக்கும். உள்ளே போய்ப் பாருங்க."

அவரான் வாடிய கீரைத்தண்டு போலக் கிடந்தார். மூக்கில் குழாய், கையில் ஊசி. ஏலிக்குட்டி கட்டில் ஓரத்தில் போய் நின்றாள்.

"ரெண்டு மனு போட்டீங்களே, இப்ப நிம்மதியா இருங்க. கடையைப் பூட்டியாச்சு. முத்திரை வெச்சுட்டாங்க. இனிமே கிடையாது."

அவரான் அவளையே பார்த்தார். உதடு இரண்டு முறை அசைந்தது.

"மூடினா நீ வேற வழியில்லாம என் அடுப்படிக்குச் சமைக்க வருவேன்னு நினைச்சேன்டி" என்றார். "கேட்டா வரமாட்டே. அதான் மனு." மூச்சு வாங்கினார். "நிஜமாவே மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்க."

அறுபத்தெட்டு வயது, ஏசி ஓட்டல் முதலாளி, பஞ்சாயத்தில் அவர் பேசினால் மறுபேச்சு கிடையாது. அந்த மனுஷனின் கண் நிறைந்து காதுப் பக்கம் வழிந்தது.

"அப்ப சனிக்கிழமை நான் என்னத்தடி திங்கறது?"

காலையிலிருந்து, பார்கவி ஓடி வந்தது முதல், ஏலிக்குட்டி பிடித்து வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் உடைந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வராந்தாவில் நின்ற ஜோபி, மணியப்பன், ஹம்ஸா எல்லாரும் அவரான் செத்துவிட்டார் என்றே நினைத்து உள்ளே ஓடி வந்தார்கள்.