ரெய்னோவின் வலது கைக்கு ஒரு தூண்டில் கோல்

மூன்றாம் முறையும் நூல் அறுந்தபோது மார்லிஸுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் நுழைந்தவள், நாற்பது பேருக்கு முட்டையும் ஓட்ஸ் கஞ்சியும், பிறகு அதே நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கும் இறைச்சியும் ஆக்கிப் போட்டுவிட்டு இரண்டு மணிக்கு வீடு திரும்பினாள். ரெய்னோவைக் கழிப்பறைக்குக் கொண்டுபோய், கொண்டுவந்து, ஊட்டி, வாய் துடைத்துவிட்ட பிறகுதான் இந்தக் கோலை எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நான்காம் முறையாகக் கோலின் வளையத்தைக் கட்டும் நூலைச் சுற்றத் தொடங்கினாள்.

அவள் புருஷன் ரெய்னோவுக்கு அக்டோபரில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் அதோடு போய், ஒன்றிரண்டு வார்த்தைக்குமேல் சேர்ந்து வருவதில்லை. ஏரி உறைந்ததும் வருஷா வருஷம் செய்வதுபோல, தூண்டில் கடை டெல்பர்ட் அவர்களுடைய மீன் குடிலைச் சறுக்குக் கட்டைகளில் ஏற்றிப் பனிமேல் இழுத்துப்போய் நிறுத்தினான். மினசோட்டாவின் வடகோடியில், பத்தடிக்கு எட்டடி மரக்குடில் ஒன்று இல்லாத குடும்பத்தைக் குடும்பமாகவே யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. முப்பத்தொரு குளிர்காலம் ரெய்னோ உள்ளே உட்கார்ந்து, தரையில் விட்ட திறப்பு வழியே பனியில் துளைபோட்டு மீன் பிடித்த குடில் அது. டெல்பர்ட் வந்து சேதி சொன்னபோது, ரெய்னோ சுவரைப் பார்த்தபடி, "வித்துடு" என்றான்.

வாங்க ஆளும் கிடைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து இழுத்துப்போவதாகப் பேச்சு. குடில் போய்விட்டால் ரெய்னோ அந்த நாற்காலியை விட்டு இனி அசையமாட்டான் என்பது மார்லிஸுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய வேலையிடத்தில் அப்படிச் சுவரைப் பார்த்தே முடிந்துபோனவர்கள் எத்தனை பேர். அதனால்தான் இத்தனை வயதில், ஊசியில் நூல் கோக்கவே பொறுமை இல்லாதவள், தூண்டில் கோல் கட்டுகிறேன் என்று கிளம்பினாள்.

கடையில் விற்கும் கோல் எதுவும் அவனுக்கு ஆகாது. பிடிக்க ஒரு கை, தூண்டில் நூல் சுருளைச் சுற்ற ஒரு கை வேண்டும். அவனிடம் இருப்பதோ ஒன்று. அவள் யோசனை இதுதான்: கைப்பிடியை முழங்கைவரை நீளமாகச் செய்து, செத்துக் கிடக்கிற வலது கையோடு சேர்த்து ஒட்டுப்பட்டையால் கட்டிவிடுவது. அந்தக் கை தொடைமேல் கிடக்கட்டும். இடது கை சுருளைச் சுற்றட்டும். நுனியை மெல்லியதாக வைத்தால் மீன் தொடுவது கண்ணுக்கே தெரியும், கைக்குத் தெரியவேண்டியதில்லை.

சாமான் வாங்கப் போனபோது டெல்பர்ட் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன மார்லிஸ், புருஷனுக்குக் கோல் கட்டப்போறியாமே. ஊரே பேசுது."

"ஊருக்கு வேற வேலை இல்ல. நீ கம்பை எடு."

"சமையல்காரி கட்டுன கோல்ல மீன் வெந்துதான் மேல வரும்."

"வெந்து வந்தா உனக்கும் ஒரு தட்டு தரேன். எடுடா."

சிரித்துக்கொண்டே அவன் கம்பின் நுனியைத் தரையில் ஊன்றி, வளைத்து, உருட்டிக் காட்டினான். வளைத்தால் எந்தக் கம்பும் ஒரு பக்கமாகத்தான் திரும்பி நிற்கும், அந்தப் பக்கம் பார்த்துத் தூண்டில் நூல் ஓடும் வளையங்களைக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது கோல் கையில் முறுக்கிக்கொள்ளும் என்றான். தக்கை வட்டங்கள், வளையங்கள், நூல், பசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தவன், கொஞ்சம் தயங்கி, "அவன் ஏரிக்கு வருவான்னு நெனைக்கிறியா?" என்று கேட்டான். அவள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஐந்து பிற்பகல்கள் ஆயின. தக்கை வட்டங்களை ஒட்டி, ரெய்னோவின் கையை மேசைமேல் தூக்கி வைத்து அளந்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அந்தக் கை படியப் பள்ளம் எடுத்தாள். தக்கைத் தூள் காப்பியில் விழுந்தது, அதையும் குடித்தாள். நூல் சுற்றிய இடங்களில் பசை பூசிய பிறகு அது ஒரே பக்கம் வழியாமல் இருக்க, இரண்டு மணிநேரம் கோலை விடாமல் திருப்பவேண்டும். செருப்புப் பெட்டியில் இரண்டு வெட்டுப் போட்டுக் கோலைக் கிடத்தி, கால் வட்டம் திருப்பு, கால் வட்டம் திருப்பு என்று உட்கார்ந்திருந்தாள். நடுவில் தூங்கிப்போய் மேசையில் நெற்றி இடித்துக்கொண்டதும் உண்டு. ரெய்னோ ஒருமுறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு கட்டத்தில் அவளுக்கே சந்தேகம் வந்தது. இதெல்லாம் அவனுக்காகவா, இல்லை இரண்டு மணிநேரமாவது அந்த முதுகைப் பார்க்காமல் இருக்கவேண்டும் என்று தனக்காகவா? எதுவானால் என்ன என்று திருப்பிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை மதியம் டெல்பர்ட் பனிவண்டியோடு வந்தான். அவளும் அவனுமாக ரெய்னோவைச் சக்கரநாற்காலியோடு சேர்த்து இழுவைப் பலகையில் வைத்துக் கட்டினார்கள். ரெய்னோ "வேணாம்" என்றான். மறுபடியும் "வேணாம்" என்றான். "கடைசியா ஒருதரம் பாத்துட்டுக் குடுத்துடலாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள் மார்லிஸ். குடிலுக்குள் அவனை ஏற்றி, பனியில் துளை போட்டு, ஹீட்டரைப் பற்றவைத்துவிட்டு, "ரெண்டு மணிநேரத்துல வரேன்" என்று டெல்பர்ட் போய்விட்டான்.

அவள் கோலை அவன் வலது கையில் வைத்துப் பட்டையை இறுக்கினாள். பள்ளம் கச்சிதமாகப் பொருந்தியது. பசையில் ஒரு குமிழிகூட இல்லை. நாற்காலியைத் துளைக்கு அருகில் தள்ளினாள். கால்பலகை துளையைச் சுற்றியிருந்த தரைச்சட்டத்தில் இடித்து நின்றது. கோலின் நுனி துளைக்கு ஒரு முழம் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. கோணலாகத் தள்ளிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். நூல் பனி விளிம்பில் உரசியதே தவிர நேராக இறங்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையை அளந்தாள், விரலை அளந்தாள், ஆனால் கோலின் நீளத்தை மட்டும் அவள் அளக்கவே இல்லை. சுவரில் தொங்கிய அவனுடைய பழைய கோலைப் பார்த்து இருபத்தாறு அங்குலம் என்று வெட்டிவிட்டாள். அது கவிழ்த்த பக்கெட்டில், துளைக்கு முட்டி இடிக்க உட்கார்கிறவனுக்கான நீளம். மூன்று மாதமாகச் சக்கரநாற்காலியைத் தள்ளுகிறவள், கோல் கட்ட உட்கார்ந்ததும் அந்தப் பழைய மனிதனுக்கே கட்டியிருக்கிறாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தப்பாப் போச்சு ரெய்னோ. முட்டாள் நான். டெல்பர்ட் வந்ததும் போயிடலாம்" என்றாள்.

அவன் மூலையைப் பார்த்தான். இடது கையைத் தூக்கிக் காட்டினான். "பக்கெட்."

"அதுல சாய ஒண்ணும் இல்ல. விழுந்துடுவே."

"பக்கெட்" என்றான் மறுபடி.

அவள் இரண்டு பக்கெட்டுகளை எடுத்துக் கவிழ்த்து, ஒன்றின் பின்னால் ஒன்றாகப் போட்டாள். அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்து, தினமும் தூக்குவதுபோலத் தூக்கி, முன்னால் இருந்ததில் இறக்கினாள். அவன் சரிவதற்குள் பின்னால் இருந்ததில் தான் திரும்பி உட்கார்ந்து, முதுகோடு முதுகு கொடுத்தாள். அவனுடைய முழுப் பாரமும் அவள்மேல் வந்தது. கால் இரண்டையும் எதிர்ச்சுவரில் ஊன்றிக்கொண்டாள். பின்னால் நூல் இறங்குகிற சத்தம் கேட்டது.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கதவும் அதில் மாட்டியிருந்த துணியும்தான். இடுப்பு கடுத்தது. எவ்வளவு நேரம் போனதோ, திடீரென்று அவன் முதுகு விறைத்தது. கிராப்பி மீன் கீழே இழுக்காது, தூண்டிலைக் கவ்வி மேலே தூக்கும், நுனி நிமிர்ந்திருக்கவேண்டும். பிறகு சுருள் சுற்றும் சத்தம், நின்று நின்று. தண்ணீர் சலசலத்தது. பலகைமேல் ஏதோ துள்ளி விழுந்தது.

"சின்னது" என்றான் ரெய்னோ.

"எவ்வளவு சின்னது?"

மீனைத் தள்ளித் துளைக்குள் விடுவது அவன் தோள் அசைவில் தெரிந்தது. "நாளைக்கு. அந்த ஆளு" என்றான்.

"வருவான்."

"வேணாம்னு சொல்லிடு."

இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பேன் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது தோன்றியது வேறு. இனி மார்ச் மாதம்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படி அவனைக் கட்டி, இழுத்து, தூக்கி, உட்கார்ந்து முதுகைக் கொடுக்கவேண்டும். அவளுக்கு அழுகை முட்டியது. சந்தோஷமும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அது எங்கோ அடியில் கிடந்தது.

"மார்லிஸ்" என்றான் அவன். அக்டோபருக்குப் பிறகு அவன் வாயில் அவள் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. "வலிக்குதா?"

வேலையிடத்தில், டாக்டரிடம், தங்கையிடம், எல்லாரிடமும் மூன்று மாதமாக அவள் இல்லை என்றே சொல்லிவந்தாள்.

"வலிக்குது" என்றாள்.

பின்னால் அவன் இடது கையை முட்டிமேல் ஊன்றுவது தெரிந்தது. முனகினான். பாரம் மெல்ல மெல்ல அவள் முதுகைவிட்டு விலகியது. அவன் தானாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் உடம்பு நடுங்கியதில் பக்கெட் கடகடத்தது. அவள் குனிந்து, முகத்தைக் கைகளில் புதைத்து மூச்சு விட்டாள். பத்து எண்ணும் நேரம்வரை அவன் தாங்கியிருப்பான். அதற்குமேல் முடியவில்லை.

அவள் நிமிர்ந்து காலை ஊன்றிக்கொண்டாள்.

"சரி, சாஞ்சுக்கோ" என்றாள்.