நீர்நாய்க் குட்டிக்கு மத்தி மீன்

கொடுத்த பாலை நீர்நாய்க் குட்டி மறுபடியும் கக்கிவிட்டது. கமலாக்ஷி அதன் வாயைத் துடைத்துவிட்டுச் சுதீரைப் போனில் கூப்பிட்டாள்.

தாயை இழந்த காட்டு மிருகங்களை மீட்டுக் கொண்டுவருகிறவன் சுதீர். வனத்துறை வண்டி வரும்வரை அவற்றை மட்டாஞ்சேரி வீட்டின் பின்கட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வாள் கமலாக்ஷி. இதுவரை வந்த அணிலும் பழந்தின்னி வௌவாலும் பாலோடும் பழத்தோடும் தேறிவிட்டன. இந்தக் குட்டியின் தாய் தோப்பும்படிப் பாலத்தருகே லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது.

“பல்லு வந்தாச்சு சேச்சி, இனி பால் போறாது. மத்தி மீனை அரைச்சுக் கொடுக்கணும். வண்டி நாளைக்குத்தான் வரும். அதுவரை பட்டினி கிடந்தா தாங்காது,” என்றான் சுதீர்.

“நீ வாங்கிண்டு வரியா?”

“நான் ஆலுவாயில ஒரு பாம்பு பிடிக்க வந்திருக்கேன்.”

அந்த வீட்டு வாசலை மீன் தாண்டியதே இல்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மகள் அம்ருதா கதவோரம் நின்றிருந்தாள்.

“மீனைக் கொன்னு இதுக்குக் கொடுக்கப் போறியா?”

“மீன் தின்கிற ஜாதி இது, கொழந்தே. வேற வழியில்லை.”

“நம்மால ஒரு உயிர் சாகக்கூடாதுன்னு நீதானே சொன்னே?”

சொன்னவள் அவள்தான். அம்ருதாவின் தயிர்சாத டப்பாவைப் பார்த்து வகுப்பில் மற்றவர்கள் சிரித்தபோதும், பிறந்தநாள் விருந்தில் பிரியாணியைத் தொடாமல் பசியோடு திரும்பியபோதும், மகளைக் கட்டிக்கொண்டு மெச்சியவளும் அவள்தான். இப்போது பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

“வந்துட்டுப் பேசறேன். அதைத் தொடாதே, கேட்டியா.”

சந்தையில் மீன்காரனிடம் எப்படிக் கேட்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டான். தலையசைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீடு திரும்பியபோது பின்கதவு திறந்து கிடந்தது. குட்டியை வைத்திருந்த கூடை காலி. அம்ருதாவின் செருப்பையும் காணோம்.

பொட்டலத்தைப் படியில் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பாக்கியலக்ஷ்மி, “பாப்பா துண்டுல எதையோ சுத்திக்கிட்டுக் கிடங்குச் சந்துல போச்சேக்கா,” என்றாள்.

அந்தச் சந்து காயல் தண்ணீருக்கு இறங்கும் படிகளில் போய் முடியும்.

சந்தின் முனையில், பாசி பிடித்த கடைசிப் படியில் அம்ருதா குந்தியிருந்தாள். கைக்கெட்டாத தூரத்தில் பழுப்பாக ஒரு தலை முங்கியது, எழுந்தது, மறுபடி முங்கியது. அதை எட்டிப் பிடிக்க அவள் முன்னால் சாய்ந்தாள்.

“அசையாதே.” கமலாக்ஷி கத்தவில்லை. கத்தினால் திரும்புவாள், திரும்பினால் வழுக்கும்.

சேலையோடு இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு மேலே வந்தது. ஒரு கையால் மகளைப் படியோடு அழுத்திப் பிடித்து, மறுகையால் துழாவினாள். விரலில் சேறு. பிறகு மயிர்.

“தண்ணியில விட்டா தானே நீந்தும்னு நெனச்சேன்மா. அதுவே எதையாவது பிடிச்சுத் தின்னா நாம கொல்ல வேண்டாமே.”

“நீர்நாயா இருந்தாலும் குட்டிக்கு நீந்தத் தெரியாது. அதோட அம்மாதான் கத்துக்கொடுக்கணும்.”

குட்டி துவண்டு கிடந்தது. தலைகீழாகப் பிடித்தாள், வாயிலிருந்து நீர் வடிந்தது. முந்தானையால் அதன் முதுகைத் தேய்த்தாள்.

“நான் கொன்னுட்டேனா?”

கமலாக்ஷி குட்டியைத் திருப்பி அதன் நெஞ்சைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். கை வலிக்கத் தொடங்கிய பிறகுதான் குட்டி தும்மியது. அம்ருதா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து, கொல்லைப்புறக் கல்லில் மீனை நசுக்கினாள் கமலாக்ஷி. அம்ருதா போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இந்த மீனுக்கும் வலிச்சிருக்கும்தானே?”

“வலிச்சிருக்கும்.”

“நான் ஒரு நாளும் திங்க மாட்டேன்.”

“வேண்டாம். ஆனா இதால அப்படி இருக்க முடியாது.”

அம்ருதா குட்டிக்கு அருகே நகர்ந்தாள். பிறகு விரலில் கொஞ்சம் விழுதை எடுத்து அதன் வாயருகே நீட்டினாள். முகர்ந்தது. நக்கியது. அடுத்த நொடி விரலையும் சேர்த்துக் கடித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று இரவு எத்தனை தடவை சோப்புப் போட்டும் கை நாறுகிறது என்று அம்ருதா சோற்றை ஒதுக்கிவிட்டாள். கமலாக்ஷி கரண்டியால் ஊட்டிவிட்டாள்.

மறுநாள் காலை வண்டியோடு சுதீர் வந்து குட்டியைக் கூண்டில் வைத்து ஏற்றினான். அம்ருதாவும் கமலாக்ஷியும் தெருவரை கூடவே போனார்கள்.

“அங்கே இதுக்கு மீன் கொடுப்பாளா?”

“கொடுப்பாங்க மோளே.”

“வயிறு நெறைய?”

“வயிறு நெறைய,” என்று சொல்லிவிட்டுச் சுதீர் வண்டியில் ஏறினான். கமலாக்ஷி மகளின் தலையில் கைவைத்தபடி, வண்டி தெருமுனையில் திரும்பி மறையும்வரை நின்றாள்.